நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி

தலைச்சுற்றலும் வாந்தியுமாக இருந்த அம்மாவைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்துக்கொண்டு, மருத்துவமனை ஒன்றின் விபத்து, அவசர சிகிச்சைப் பிரிவில் காத்திருந்தேன். அப்போது இரவு மணி பதினொன்றரை. எங்களுக்குப் பின்னால் வந்த மூன்று பேரை முதலில் உள்ளே அழைத்துச் சென்றதும் என் பொறுமை போய்விட்டது.

மணி இரண்டை நெருங்கும்போது இளம் மருத்துவர் ஒருவர் வந்தார். தமிழ்ப் பெண். “இவ்வளவு நேரம் என்னதான் டாக்டர் செய்துகிட்டு இருந்தீங்க?” என்று கேட்டுவிட்டேன்.

“காக்க வச்சதுக்கு மன்னிச்சிடுங்க,” என்றார். வேறொன்றும் சொல்லாமல் அம்மாவிடம் குனிந்து, “எப்போலேருந்து தலை சுத்துதும்மா?” என்று விசாரித்தார்.

பிறகு அம்மாவுக்கு மருந்து ஏற்ற வந்த தாதி தாழ்ந்த குரலில் சொன்னார்: “உள்ளே ஒருத்தரைக் காப்பாத்த முடியல. அவங்க குடும்பத்துக்கிட்ட சொல்லிட்டு, நேரா உங்ககிட்டதான் வந்தாங்க.”

நான் கேட்ட கேள்வி இன்னும் எனக்குள் உறுத்திக்கொண்டிருக்கிறது.

உணவங்காடியில் வரிசையில் முதலில் நிற்பவருக்கே முதல் தட்டு. அவசரப் பிரிவில் கணக்கு வேறு. சிங்கப்பூரின் பொது மருத்துவமனைகளில், வருபவர்களின் நிலையைப் பார்த்து நான்கு பிரிவுகளாக வகைப்படுத்துகிறார்கள். உயிர் ஊசலாடும் நிலையில் வருபவர் முதல் பிரிவு. நடக்க இயலாமல், நிலைமை எந்நேரமும் மோசமாகக்கூடும் என்ற கட்டத்தில் இருப்பவர் இரண்டாம் பிரிவு. சிகிச்சை தேவை, ஆனால் உடனடி ஆபத்தில்லை என்பவர் மூன்றாம் பிரிவு. நெடுநாள் மூட்டுவலி போன்ற அவசரமில்லாத உபாதையோடு வருபவர் நான்காம் பிரிவு. அன்று அம்மா மூன்றாம் பிரிவில் இருந்தார்.

காத்திருப்பு நீள இன்னொரு காரணமும் உண்டு. வார்டில் சேர்க்க முடிவெடுக்கப்பட்ட நோயாளிகள், மேலே படுக்கை காலியாகும்வரை அவசரப் பிரிவிலேயே இருக்கிறார்கள். முதியோர் பெருகும் நாட்டில், ஒரே நேரத்தில் பல நோய்களோடு வருபவர்கள் அதிகம். அவர்கள் வீடு திரும்ப நாளாகிறது. மேலே இடம் நெருக்கினால் கீழே கூட்டம் தேங்குகிறது. அதற்கான கோபத்தை வாங்கிக்கொள்பவர் எதிரே நிற்கும் மருத்துவரும் தாதியும்தான்.

அவசரப் பிரிவு மருத்துவரின் சுமை நோயாளிகளின் எண்ணிக்கையில் மட்டும் இல்லை. முறை மாற்றி வேலை செய்வதால் தூக்கம் குலைகிறது. ஒருவரைப் பரிசோதிக்கும்போதே இன்னொருவருக்காக அழைப்பு வருகிறது. பிழைத்தவர் வார்டுக்குப் போய்விடுகிறார். அவர் நலமாகி வீடு சென்ற செய்தி பெரும்பாலும் கீழே வந்து சேர்வதில்லை. இறந்தவரின் முகம் மட்டும் மனத்தில் தங்குகிறது. அடுத்த திரையை விலக்கினால், அங்கே காய்ச்சலோடு ஒரு குழந்தை. துக்கத்துக்கு அங்கே நேரம் ஒதுக்கப்படவில்லை.

இத்தகைய வேலையால் வரும் பணிச்சோர்வைப் பற்றி 1974ல் எழுதியவர் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர். பின்னர் அதை அளவிட வழிவகுத்த கிறிஸ்டினா மாஸ்லாக் மூன்று அடையாளங்களைச் சொன்னார்: மனம் வற்றிப்போவது, நோயாளியை மனிதராகப் பார்க்க முடியாமல் போவது, தன் வேலையால் பயனில்லை என்று தோன்றுவது. உலகச் சுகாதார நிறுவனம் 2019ல் இதை நோயாக வகைப்படுத்தவில்லை; வேலையிடம் சார்ந்த நிலை என்றது. அப்படியானால் சோர்ந்த மருத்துவரிடம் “தியானம் செய்யுங்கள்” என்று சொல்வது மட்டும் போதாது. பணி அட்டவணை, ஓய்வு, ஆள்பலம், படுக்கை வசதி எல்லாவற்றையும் சீர்செய்ய வேண்டும்.

சிறிய செயல்களுக்கும் இடமுண்டு. அமெரிக்காவின் வர்ஜீனியாவில் அவசரப் பிரிவுத் தாதியாக இருந்த ஜோனத்தன் பார்ட்டல்ஸ் ஒரு வழக்கத்தைத் தொடங்கினார். நோயாளி இறந்ததும், அவரைக் காப்பாற்றப் போராடிய அனைவரும் ஏறத்தாழ ஒரு நிமிடம் அங்கேயே அமைதியாக நிற்பார்கள். இறந்தவரும் ஒரு குடும்பத்தின் அன்புக்குரியவர் என்று நினைவுகூர்வார்கள். பிறகே அடுத்த நோயாளி. பல மருத்துவமனைகள் இதைப் பின்பற்றின. செலவே இல்லாத ஒரு நிமிடம்.

நம் பங்கும் உண்டு. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், திடீரென வாய் கோணுவது, பேச்சு குழறுவது என்றால் தயங்காமல் 995ஐ அழையுங்கள். அவசரமில்லாத ஆம்புலன்சுக்கு 1777 உண்டு. லேசான உபாதை என்றால் முதலில் அக்கம்பக்கத்து மருந்தகத்துக்குச் செல்லலாம். சாங்கி பொது மருத்துவமனை 2014ல் தொடங்கிய ‘ஜிபி ஃபர்ஸ்ட்’ திட்டத்தில், பங்கேற்கும் மருந்தகம் அனுப்பிவைத்தால் அவசரப் பிரிவுக் கட்டணத்தில் 50 வெள்ளி குறையும்.

அன்று விடியற்காலை, வீட்டுக்குப் போகலாம் என்று சொல்ல அதே மருத்துவர் வந்தார். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “நீ சாப்பிட்டியாம்மா?” என்று கேட்டார். அவர் முகத்தில் அப்போதுதான் சிரிப்பைப் பார்த்தேன்.

“இனிமேதான்மா,” என்றார்.