மைக் வாங்கப் போறோம் - எந்த மைக்?



ஆண்டு விழாவில் பலகாரக் கடை போட்டு நம் இசைக்குழு சேர்த்த பணம் எட்டு மாதமாகப் பத்திரமாக இருக்கிறது. அதில் மைக் வாங்கி வீட்டிலேயே பாட்டுகளைப் பதிவு செய்வது என்று முடிவாகிவிட்டது. (பள்ளியிலேயே பதிவு செய்யலாமே என்று கேட்காதீர்கள். இசை அறைச் சுவருக்கு அந்தப் பக்கம் பஸ் ஸ்டாப்!) ஆனால் எந்த மைக் என்பதில்தான் ஒரே சண்டை. பாதிப் பேர், சினிமா ஸ்டுடியோவில் பார்க்கிற மாதிரி பெரிய கண்டென்சர் மைக்தான் வேணும் என்கிறார்கள். பணம் ஒரு தடவைக்குத்தான் வரும். அதனால் நான் படித்துத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கு வர்றதுக்கு முன்னாடி எல்லாரும் ஒரு தடவை படிச்சிடுங்க.

மைக்கில் முக்கியமாக இரண்டு ஜாதி. ஒன்று டைனமிக். மேடையில் கையில் பிடித்துப் பாடுகிறோமே, அது. உள்ளே மெல்லிய சவ்வு, அதில் ஒட்டிய கம்பிச்சுருள், சுற்றிலும் காந்தம். குரல் பட்டுச் சவ்வு அசைந்தால் சுருளும் அசையும், மின்சாரம் பிறக்கும். அறிவியல் பாடத்தில் படிச்ச அதே மின்காந்தத் தூண்டல்தான், ஃபாரடே 1831-இல் கண்டுபிடித்தது. ஸ்பீக்கரைத் திருப்பிப் போட்டால் டைனமிக் மைக் என்று வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று கண்டென்சர். 1916-இல் அமெரிக்காவில் வென்டே என்பவர் உருவாக்கியது. இதில் காந்தம் கிடையாது. மின்தேக்கியின் இரண்டு தகடுகளில் ஒன்றுதான் சவ்வு. அது அசையும்போது தகடுகளுக்கு நடுவில் உள்ள இடைவெளி மாறும், அதிலிருந்து சிக்னல் கிடைக்கும். சுருளைச் சுமக்க வேண்டாம் என்பதால் சவ்வு மிக லேசு. சின்னச் சின்ன ஒலிகூட தெளிவாக வரும். ஆனால் இது வேலை செய்ய வெளியிலிருந்து மின்சாரம் வேண்டும். பெரும்பாலும் 48 வோல்ட், மைக் ஒயர் வழியாகவே வரும். அதற்கு ஃபாண்டம் பவர் என்று பெயர். பேர்லதான் பேய் இருக்கு, பயப்பட வேண்டாம்! சரியான எக்ஸ்.எல்.ஆர். ஒயரில் மாட்டிய டைனமிக் மைக்கை அது ஒன்றும் செய்யாது. ரிப்பன் மைக் என்று மூன்றாவது ஜாதி ஒன்று உண்டு. அதற்கு மட்டும் இந்த 48 வோல்ட் ஆபத்தாகலாம். நமக்கு அது வேண்டவே வேண்டாம்.

சரி, ப்ரீஆம்ப் எதுக்கு? இங்கேதான் ஒரு கணக்கு இருக்கிறது. கணக்குன்னா ஓடிடாதீங்க.

ஷூர் எஸ்.எம்.58 என்ற புகழ்பெற்ற டைனமிக் மைக் 1966 முதல் இருக்கிறது. வாயைப் பக்கத்தில் வைத்து நன்றாகப் பாடி, மைக்கில் 94 டெசிபல் சத்தம் விழுந்தால், அது தருவது வெறும் 1.85 மில்லிவோல்ட். ஸ்டுடியோ கருவிகள் எதிர்பார்ப்பது ஏறக்குறைய 1.23 வோல்ட். வகுத்துப் பாருங்கள், சுமார் 665 மடங்கு! டெசிபல் கணக்கில் 56. இந்தப் பெருக்கலைச் செய்வதுதான் ப்ரீஆம்ப். இப்போது தனியாக வாங்கத் தேவையில்லை. ஆடியோ இன்டர்ஃபேஸ் என்ற சின்னப் பெட்டிக்குள்ளேயே ப்ரீஆம்ப் இருக்கும். கம்ப்யூட்டரில் யு.எஸ்.பி. ஒயரால் மாட்டிக்கொள்ளலாம்.

அதே சத்தத்துக்கு ரோட் என்.டி.1-ஏ என்ற கண்டென்சர் மைக் தருவது 25 மில்லிவோல்ட். 13 மடங்குக்கும் மேல். அப்போ அதையே வாங்கிடலாமேன்னு தோணும். வீணை வாசிக்கும் நம் தோழி கேட்பதும் இதைத்தான். அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. இரண்டடி தள்ளி வைத்த மைக்கில் வீணை 70 டெசிபல்தான் விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பாட்டை விட 24 டெசிபல் குறைவு, அதாவது 16-இல் ஒரு பங்கு. டைனமிக் மைக்கில் அதைப் பத்தாயிரம் மடங்குக்கு மேல் பெருக்க வேண்டும். சாதாரண இன்டர்ஃபேஸால் முடியாது. முறுக்கி முறுக்கி வைத்தால் வீணையோடு சேர்ந்து 'உஸ்ஸ்' என்று ஒரு இரைச்சலும் வரும். கண்டென்சர் என்றால் 800 மடங்கே போதும்.

ஆனால் நம்ம வீடுகளை யோசிச்சுப் பாருங்க. மேலே ஃபேன், சமையலறையில் குக்கர் விசில், தெருவில் காய்கறி வண்டியின் ஒலிபெருக்கி. கண்டென்சரை இரண்டடி தள்ளி வைத்தால் இதெல்லாமே பாட்டில் சேர்ந்து பாடும். மொட்டைச் சுவரின் எதிரொலியும் கூடவே வரும்.

'டைனமிக் மைக் வெளிச் சத்தத்தை வாங்காது' என்று பலர் சொல்கிறார்கள். இது பாதிதான் உண்மை. ஒரே தூரத்தில், ஒரே திசைக்குணத்தோடு வைத்தால் இரண்டுமே ஃபேன் சத்தத்தை வாங்கும். வித்தியாசம் தூரத்தில் இருக்கிறது. மைக்குக்கும் வாய்க்கும் உள்ள தூரம் பாதியானால் குரல் 6 டெசிபல் ஏறும். ஃபேன் சத்தமோ அப்படியே இருக்கும். 40 சென்டிமீட்டரிலிருந்து 5 சென்டிமீட்டருக்கு வந்தால் 18 டெசிபல் லாபம், குரல் 8 மடங்கு! மேடை டைனமிக் மைக் இப்படி உதட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பாடுவதற்கென்றே செய்தது. அதன் கம்பி வலைக்குள் ஸ்பாஞ்சும் இருக்கும். ரொம்பக் கிட்டே போனால் குரல் கொஞ்சம் கனமாகக் கேட்கும். அது சிலருக்கு நல்லாவே இருக்கும்.

டைனமிக் என்றால் மட்டமா என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். மைக்கேல் ஜாக்சனின் 1982 'த்ரில்லர்' ஆல்பத்தில் அவர் குரலைப் பதிவு செய்ய எஸ்.எம்.7 என்ற டைனமிக் மைக்கைத்தான் பயன்படுத்தினார்கள். அவருக்குப் போதுமானது நமக்குப் போதாதா?

அதனால் என் ஓட்டு: நல்ல மேடை டைனமிக் மைக் ஒன்று, இரண்டு மைக் மாட்டக்கூடிய, 60 டெசிபலாவது பெருக்கக்கூடிய இன்டர்ஃபேஸ் ஒன்று. மைக் வீடு வீடாகப் போகப் போகிறது. டைனமிக் கீழே விழுந்தாலும் பிழைத்துக்கொள்ளும். கண்டென்சருக்கு ஈரம் ஆகாது. மழைக்காலத்தில் படபடவென்று சத்தம் போடும், சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு மூடி வைக்க வேண்டும். வீணைக்கு என் யோசனை முழுசாப் பொருந்தாது, ஒத்துக்கிறேன். அதனால்தான் 48 வோல்ட் பொத்தான் உள்ள இன்டர்ஃபேஸாக வாங்கச் சொல்கிறேன். அடுத்த வருஷம் பணம் சேர்ந்தால் கண்டென்சரை அதிலேயே மாட்டலாம். நாதஸ்வரம், தவிலுக்கு இந்தக் கவலையே இல்லை. அவை போடும் சத்தத்துக்கு டைனமிக்கே தாராளம்!

கடைக்குப் போகிறவர்கள் ஒன்று செய்யுங்கள். மைக்கை இன்டர்ஃபேஸில் மாட்டி, யாரும் பேசாமல், திருகை முக்கால்வாசி ஏற்றி ஹெட்ஃபோனில் கேளுங்கள். 'உஸ்' அதிகமா இருந்தா வேற பெட்டி பாருங்க. யு.எஸ்.பி. மைக் என்று கடைக்காரர் காட்டுவார். எல்லாம் உள்ளேயே இருப்பதால் ஒருத்தர் மட்டும் பாட அது வசதிதான். ஆனால் ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு யு.எஸ்.பி. மைக் மாட்டிப் பதிவு செய்வது பெரும் தொல்லை. மிருதங்கமும் பாட்டும் சேர்ந்து வேண்டும் நமக்கு அது ஒத்துவராது. ஸ்டாண்டு, ஒயர், காதை மூடுகிற ஹெட்ஃபோன் இந்த மூன்றுக்கும் பணம் மிச்சம் வையுங்கள். பதிவு செய்ய அடாசிட்டி மென்பொருள் இலவசம்.

பாடும்போது ஃபேனும் ஜன்னலும் மைக்கின் பின்பக்கம் இருக்கட்டும். முன்பக்கம் மட்டும் நன்றாகக் கேட்கும் மைக்குக்குப் பின்பக்கம் காது மந்தம். பாடுபவரின் முதுகுக்குப் பின்னால் போர்வையோ மெத்தையோ தொங்கவிட்டால் எதிரொலி குறையும். 'ப' வரும் சொற்களில் காற்று 'பொத்'தென்று அடிக்காமல் இருக்க, மைக்கை வாய்க்கு நேராக இல்லாமல் லேசாகச் சாய்த்து வையுங்கள்.

வெள்ளிக்கிழமை வரும்போது ஒரு சின்ன வேலை. இரவு 9 மணிக்கு அவரவர் வீட்டில் ஃபேனை நிறுத்தி, ஒரு நிமிடம் யாரும் பேசாமல், பெரியவர்களின் போனில் பதிவு செய்து கொண்டு வாருங்கள். யார் வீடு அமைதியான வீடு என்று வரிசையாகக் கேட்டுப் பார்த்துவிடலாம்.

- பதினோராம் வகுப்பு, 'ஆ' பிரிவு மாணவன்