ஒரு மண்டலம் விழுந்தால் மற்றவை தாங்குமா?

கிளவுட் சேவைக்குச் சர்வர் எத்தனை வேண்டும் என்ற கணக்கில் இரண்டு கேள்விகள் உண்டு. உச்ச நேரத்தில் சுமை எவ்வளவு என்பது முதலாவது. அதே நேரத்தில் ஒரு பகுதி செத்துப்போனால் மிச்சம் தாங்குமா என்பது இரண்டாவது. பணம் கரைவதும் பிழை நேர்வதும் பெரும்பாலும் இரண்டாவதில்தான்.

பெரிய நிறுவனங்கள் தங்கள் டேட்டா சென்டர்களைத் தனித்தனி மின்சாரமும் குளிரூட்டலும் கொண்ட மண்டலங்களாகப் பிரித்து வைக்கின்றன. உச்சச் சுமைக்கு 600 சர்வர் தேவை என்று கொள்வோம். இரண்டு மண்டலங்கள் என்றால் ஒவ்வொன்றிலும் 600 வீதம் 1,200 வேண்டும். மூன்று என்றால் 300 வீதம் 900 போதும். நான்கு என்றால் 200 வீதம் 800. அதற்கு மேல் பிரித்தால் மிச்சமாவது குறைவு, நிர்வாகச் சிக்கல் அதிகம். மூன்று மண்டல அமைப்பு பரவலாக இருப்பதற்கு இது ஒரு காரணம்.

ஆனால் 900 என்பது சர்வர்கள் நூறு சதவீதம் உழைக்கும் என்று நம்பிப் போட்ட கணக்கு. வரிசைக் கோட்பாட்டின் எளிய சூத்திரப்படி, சர்வர் பாதி நேரம் வேலையில் இருந்தால் ஒரு கோரிக்கை முடிய இரு மடங்கு நேரமாகும். 80 சதவீதத்தில் ஐந்து மடங்கு, 90 சதவீதத்தில் பத்து மடங்கு. ஆகவே இழப்புக்குப் பிறகும் 70 சதவீதத்தைத் தாண்டாமல் இருக்க, மண்டலத்துக்குச் சுமார் 430 சர்வர் வைக்க வேண்டும். கணக்குப் பிரிவினர் முகம் சுளிக்கும் இடம் இதுதான்.

தேவைப்படும்போது கூடுதல் சர்வர் எடுத்துக்கொள்ளலாமே என்ற சமாதானம் இங்கே எடுபடாது. விழுந்த மண்டலத்தின் வாடிக்கையாளர்கள் எல்லோரும் அதே நிமிடத்தில் பக்கத்து மண்டலத்தில் இடம் கேட்பார்கள்; தீபாவளிக்கு முந்தைய இரவு பஸ் தேடுவது மாதிரிதான். போதாததற்கு, பதில் வராத செயலிகள் மறுபடி மறுபடி கோரிக்கை அனுப்பிச் சுமையை ஏற்றும். மறுமுயற்சிகளுக்கு இடையே இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போவதும், தாங்க முடியாத கோரிக்கைகளை உடனே திருப்பி அனுப்புவதும் இதற்காகத்தான்.

நெட்வொர்க்குக்கும் இதே கணக்குதான். இரண்டு இணைப்பு இருந்தால் ஒவ்வொன்றும் பாதிக்கு மேல் நிரம்பக் கூடாது. இரண்டையும் இரு வேறு நிறுவனங்களிடம் வாங்கியிருந்தாலும், ஃபைபர் ஒரே பள்ளத்தில் போனால் ஒரு ஜேசிபி போதும். 2019 ஜூன் 2 அன்று, ஒரு பிராந்தியத்தில் சில சர்வர்களுக்கு மட்டும் போக வேண்டிய மாற்றம் பக்கத்துப் பிராந்தியங்களுக்கும் போனதால், கூகுள் அங்கெல்லாம் தன் நெட்வொர்க் திறனில் பாதிக்கு மேல் இழந்தது. பழுது பார்க்கும் கருவிகளும் அதே நெரிசலில் சிக்கிக்கொண்டதால் சீராகச் சில மணி நேரம் ஆனது.

கருவிகளை மறப்பது அடிக்கடி நடப்பதுதான். 2022 அக்டோபர் 15 அன்று தென் கொரியாவின் பாங்யோ டேட்டா சென்டரில் பேட்டரி அறை தீப்பிடித்து மின்சாரம் துண்டிக்கப்பட்டது. அங்கே ககாவோ நிறுவனத்தின் சுமார் 32,000 சர்வர்கள் இருந்தன. தரவுக்கு வேறு இடத்தில் நகல் இருந்தும், சேவையை இடம் மாற்றுவதற்கான இயக்கக் கருவிகளுக்கு மாற்று இல்லை. முழுமையாக மீள 127 மணி நேரத்துக்கு மேல் பிடித்தது.

இவற்றை முன்கூட்டியே கண்டுபிடிக்க ஒரே வழி, வேண்டுமென்றே பழுதை உண்டாக்கிப் பார்ப்பது. நெட்ஃப்ளிக்ஸ் 'கேயாஸ் மங்கி' என்ற மென்பொருளை உருவாக்கி, வேலை நேரத்தில் தன் சர்வர்களைத் தானே நிறுத்திப் பார்த்தது. அப்படிப் பார்க்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம்: 2017 பிப்ரவரி 28 அன்று அமேசானின் வடக்கு வர்ஜீனியா பிராந்தியத்தில், தவறாகத் தட்டச்சான ஒரு கட்டளை தேவைக்கு அதிகமான சர்வர்களை நீக்கியது. பல ஆண்டுகளாக முழுதாக நிறுத்தித் தொடங்கிப் பார்க்காத அமைப்பு என்பதால், எஸ்3 என்ற சேமிப்புச் சேவை மீள நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அதன்பின் அந்தக் கட்டளையை இயக்கிய கருவி சர்வர்களை மெதுவாக மட்டுமே நீக்கும்படியும், குறைந்தபட்சத் திறனுக்குக் கீழே போக மறுக்கும்படியும் மாற்றப்பட்டது.