படம் எடுத்தால் மட்டும் போதுமா?

துறைமுகத்தில் ஒரு சரக்குப் பெட்டி வந்து இறங்குகிறது. உள்ளே இருப்பது என்ன, எங்கிருந்து வந்தது, யாருக்குரியது என்று கூறும் தாள்கள் உடன் இல்லையெனில் அது கேட்பாரற்றுக் கிடக்கும். ராயபுரத்தாருக்கும் எண்ணூராருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால், நம் கைப்பேசிகளில் உள்ள பழைய ஆவணப் படங்களும் தாளில்லாப் பெட்டிகளே என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணூர், திருவொற்றியூர்ப் பகுதி வீடுகளில் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் புகுந்தது. நிக்காஹ் பத்திரம், வீட்டுப் பத்திரம், பாட்டனாரின் கடிதம் எதுவும் அதைத் தாங்காது. ஆகவே படமெடுத்து வைப்பது நல்லதே. எனினும் அது பாதி வேலைதான்.

எழுத்து வேறு, மொழி வேறு

பழைய இல்லங்கள் சிலவற்றில் அரபுத்தமிழ் ஏடுகள் இன்னும் உள்ளன. அவற்றின் எழுத்து அரபு, மொழியோ தமிழ். படமெடுத்தவர் இதைக் குறிக்காவிட்டால், பின்னாளில் காண்பவர் ‘அரபு நூல்’ என்று ஒதுக்கிவிடுவார். தமிழில் தேடுவோருக்கு அது அகப்படவே அகப்படாது. படம் அழியவில்லை, ஆயினும் நூல் தொலைந்துவிட்டது!

இக்குறையைத் தீர்க்க நூலகத் துறையினர் 2005ஆம் ஆண்டு ‘பிரிமிஸ்’ என்னும் விதித்தொகுப்பை வெளியிட்டனர். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் அதனைப் பராமரித்து வருகிறது. பாதுகாக்கப்படும் பொருள், அதற்கு நேர்ந்த நிகழ்வுகள், அவற்றைச் செய்தவர், உரிமை ஆகிய நான்கையும் பதிவு செய்ய அது வழிகாட்டுகிறது.

இல்லத்தில் எழுத வேண்டியவை

நாம் ஒரு குறிப்பேட்டில் எழுதினாலே போதும். மூல ஆவணம் யாது, யாரிடம் உள்ளது? எழுத்தும் மொழியும் எவை? யார், எந்நாளில், எக்கருவியால் படமெடுத்தார்? கோப்பு எவ்வகையைச் சேர்ந்தது? பிறகு எப்போது நகலெடுக்கப்பட்டது? யாரெல்லாம் பார்க்கலாம்?

கோப்புக்கும் கைரேகை உண்டு. ‘செக்சம்’ எனப்படும் அச்சரிபார்ப்பு எண்ணைக் கணினியே கணித்துத் தரும். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் எண் மாறிவிடும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் கோப்பு சுருங்கிவிடுவது வழக்கம். எனவே மூலக் கோப்பைத் தனியே வையுங்கள். ஒரு நகல் வெள்ளம் எட்டாத வேறோர் ஊரில் இருக்கட்டும்.

ரோஜா முத்தையா அவர்கள் கோட்டையூரில் திரட்டிய நூல்கள், அவர் 1992இல் மறைந்த பின், 1994இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயின. சேர்த்தவரின் உழைப்போடு பட்டியலிட்டவர்களின் உழைப்பும் கூடியதாலேயே அவை இன்று ஆய்வாளர்க்குப் பயன்படுகின்றன.

யாரிடமிருந்து யார் கேட்டார் என்ற அறிவிப்பாளர் தொடரைப் பேணிக் காத்த சமுதாயம் நாம். நம் வீட்டு ஆவணத்துக்கும் அத்தொடர் வேண்டாமா? அரபுத்தமிழ் படிக்கத் தெரிந்த பெரியவர்கள் நம்மிடையே உள்ளபோதே, அவர்கள் அருகில் அமர்ந்து கேட்டு எழுதிவிடுங்கள்.