கரைக்கிற மண், உடைத்த மண்

விநாயகர் சதுர்த்திக்கு அடுத்த ஞாயிறு எங்கள் பட்டினப்பாக்கம் கடற்கரையில் கால் வைக்க இடம் இருக்காது. லாரிகளில் வரும் பிள்ளையார்களை கிரேன் தூக்கிக் கடலில் இறக்கும். சாமி கும்பிடாத நானும் சுண்டலோடு வேடிக்கை பார்ப்பேன். "நீங்கதான் நம்பாத ஆளாச்சே சார்?" என்பார் கீழ்வீட்டு அம்மா. சுண்டலை நம்புகிறேனே!

அங்கே நிற்கும்போது ஒரு வழக்கு ஞாபகம் வரும். 1953 மே 27, திருச்சி நகர மண்டப மைதானம். பெரியார் ஒரு களிமண் பிள்ளையாரைப் பலர் அறிய உடைத்தார். மதத்தை அவமதிக்கப் புனிதப் பொருளை உடைப்பதைக் குற்றமாக்கும், இந்திய தண்டனைச் சட்டத்தின் 295ஆம் பிரிவில் வழக்கு போட்டார் வீரபத்திரன் செட்டியார். வழிபாட்டில் இல்லாத மண் உருவம் புனிதப் பொருள் ஆகாது என்று சென்னை உயர் நீதிமன்றம் வரை தள்ளுபடி. 1958இல் உச்ச நீதிமன்றம் இந்த விளக்கத்தை ஏற்கவில்லை. பிரதிஷ்டை செய்திருக்க வேண்டியதில்லை, ஒரு வகுப்பார் புனிதமாகக் கருதினாலே போதும் என்றது. ஆனாலும், ஐந்து வருடப் பழைய புகாரைக் கிளற வேண்டாம் என்று மேல்முறையீட்டைத் தள்ளியது.

எனக்கு இடிப்பது அந்த 'கருதினாலே போதும்'தான். கோயிலுக்குள் புகுந்து உடைப்பவனைத் தண்டிக்கட்டும். தன் மண்ணைத் தானே உடைப்பவன் அநாகரிகமானவனாக இருக்கலாம், அதற்கு ஜெயிலா? அரசியல் சாசனத்தின் 25ஆவது பிரிவு தரும் மனச்சாட்சி உரிமை நம்பாதவனுக்கும் சேர்த்துத்தானே! ஆனால் அந்த 295 போய்விடவில்லை; தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இன்று 298ஆக இருக்கிறது.

ஒருமுறை, கிரேன் கயிற்றில் சிக்கி ஒரு பிள்ளையாரின் காது பிய்ந்து மணலில் விழுந்தது. ஒரு பையன் அதை எடுத்து அலையில் எறிந்தான். கூட்டம் விசிலடித்தது.