டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். காமிராவை மதிப்பிடும் முறை

புகைப்படக் கலையில் ஆர்வமுள்ள ஒருவர் காமிரா வாங்க முற்படும்போது அவர் கண்ணில் முதலில் படுவது மெகாபிக்ஸல் என்னும் எண்ணேயாகும். எண் பெரிதாயின் கருவியும் சிறந்தது என்று கருதுவது இயல்பு. ஆயினும் அவ்வெண் காமிராவின் பல தன்மைகளுள் ஒன்றை மட்டுமே, அதுவும் ஓரளவிற்கே, புலப்படுத்துகிறது.

இவ்விஷயத்திற்கு இன்று தனி முக்கியத்துவம் உண்டு. முன்னணி உற்பத்தியாளர்கள் 2020-ஆம் ஆண்டை ஒட்டித் தம் கவனத்தை ஆடியற்ற காமிராக்களின்மீது திருப்பிவிட்டனர். ஆகவே எஸ்.எல்.ஆர். காமிராக்கள் பெரும்பாலும் பிறர் பயன்படுத்திய பொருள்களாகவே கைமாறுகின்றன. விலை குறைவாயினும் உத்தரவாதம் இராது. பெங்களூரில் ஈஜிபுரா போன்ற பகுதியில் வாழ்ந்து, மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்துக் காமிரா வாங்குபவர், ஆய்வுக்கூடத்தின் துணையின்றித் தாமே அதனைச் சோதித்தறிய வேண்டியவராகிறார். 2015 மார்ச்சில் வெளியான நிக்கான் டி-7200 என்னும் காமிராவை எடுத்துக்காட்டாகக் கொண்டு, அதற்குரிய முறைகளை இங்கு விளக்குவோம்.

கருவியின் அமைப்பு

லென்ஸின் வழியே புகும் ஒளி, 45 பாகைச் சாய்வில் நிற்கும் ஆடியில் பட்டு மேல்நோக்கித் திரும்புகிறது. அங்குள்ள ஐங்கோணப் பட்டகம் பிம்பத்தை நேராக்கிக் கண்ணுக்கு அளிக்கிறது. ஆடியின் நடுப்பகுதி ஒளியின் ஒரு பங்கை ஊடுருவ விடும். அப்பங்கு பின்னாலுள்ள சிறு ஆடியினால் கீழே திருப்பப்பட்டு, தானாகக் குவியம் அமைக்கும் உறுப்பைச் சென்றடைகிறது. பொத்தானை அழுத்தியதும் ஆடி மேலெழுகிறது, ஷட்டர் திறக்கிறது, ஒளி உணரியின்மீது விழுகிறது. பிலிம் இருந்த இடத்தில் ஸிலிக்கான் உணரி அமர்ந்திருப்பதே பழைய எஸ்.எல்.ஆர். காமிராவுக்கும் இதற்கும் உள்ள முதன்மையான வேறுபாடு.

ஆகவே காண்பதற்கு ஒரு வழி, குவிப்பதற்கு ஒரு வழி, பதிவதற்கு ஒரு வழி என ஒளிக்கு மூன்று வழிகள் உள்ளன. இவற்றின் நீளம் ஒத்திராவிடில் படம் தெளிவாக அமையாது. பழைய காமிராவைச் சோதிப்பவர் இதனை நினைவில் கொள்ளவேண்டும்.

மெகாபிக்ஸலின் பொருள்

டி-7200 காமிராவின் உணரி 23.5 மில்லிமீட்டர் நீளமும் 15.6 மில்லிமீட்டர் அகலமும் உடையது. அதில் நீளவாக்கில் 6,000 பிக்ஸல்களும் அகலவாக்கில் 4,000 பிக்ஸல்களும் அமைந்துள்ளன. மொத்தம் ஏறத்தாழ 24 மெகாபிக்ஸல். இதே வரிசையில் 2010-இல் வெளிவந்த டி-7000 காமிராவில் 16 மெகாபிக்ஸல்களே இருந்தன. மொத்த எண்ணிக்கை பாதியளவு கூடியிருப்பினும், நீளவாக்கில் 4,928 என்பது 6,000 ஆக, அதாவது 100-க்கு 22 வீதம் மட்டுமே, உயர்ந்துள்ளது. அங்குலத்திற்கு 300 பிக்ஸல் வீதம் அச்சிட்டால் முன்னதன் படம் 16 அங்குல நீளமும் பின்னதன் படம் 20 அங்குல நீளமும் பெறும். வீட்டுச் சுவரில் மாட்டும் படத்திற்கு இரண்டுமே போதுமானவை.

மேலும், லென்ஸின் துளை மிகச் சிறிதாயின் விளிம்பு வளைவினால் ஒளிப்புள்ளி பரந்து விடுகிறது. பச்சை ஒளிக்குத் துளை எண் 5.6 ஆக இருக்கையில் அப்புள்ளியின் விட்டம் சுமார் 7.5 மைக்ரான், துளை எண் 16 எனில் சுமார் 21 மைக்ரான். இக்காமிராவின் ஒரு பிக்ஸல் 3.9 மைக்ரான் அகலமே உடையது. ஆகவே துளையை அளவுக்கு மீறிச் சிறிதாக்குவோர் விலை கொடுத்து வாங்கிய பிக்ஸல்களின் பயனை இழக்கின்றனர்.

குறைந்த ஒளியில் சோதனை

ஒரு பிக்ஸலில் 10,000 ஒளித்துகள்கள் பதிவாகுமாயின், அவ்வெண்ணிக்கையில் இயல்பாக நேரும் ஏற்ற இறக்கம் அதன் வர்க்கமூலமாகிய 100. அதாவது நூற்றுக்கு ஒன்று. 100 துகள்களே விழுமாயின் ஏற்ற இறக்கம் 10. அதாவது நூற்றுக்குப் பத்து. இருட்டில் எடுத்த படங்களில் மணல் தூவியது போன்ற புள்ளிகள் தோன்றுவதற்கு முக்கிய காரணம் இதுவே. ஐ.எஸ்.ஓ. எண்ணை 100-லிருந்து 6,400-க்கு உயர்த்தி அதற்கேற்பப் படமெடுத்தால், உணரிக்குக் கிடைக்கும் ஒளி 64-இல் ஒரு பங்காகக் குறைகிறது.

மாலையில் கடைவீதிக் காட்சி ஒன்றை முக்காலித் தாங்கியின் உதவியால் ஐ.எஸ்.ஓ. 100, 400, 1,600, 6,400 என்னும் நான்கு நிலைகளில் எடுத்து, ஒரே இடத்தை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சிகள் உடையதாதலின், சில விளக்குகள் விநாடிக்கு 100 முறை மங்கி ஒளிர்கின்றன. எனவே விளக்கொளியில் சோதிக்கும்போது ஷட்டர் வேகம் 1/100 விநாடிக்கு மேற்படாதிருத்தல் நலம்.

வாங்குமுன் செய்யவேண்டியவை

குவியத்தைச் சோதிக்கச் செய்தித்தாளை மேசைமீது விரித்து, 45 பாகைச் சாய்விலிருந்து, லென்ஸின் துளையை முழுதும் திறந்து, ஒரு வரியைக் குறிவைத்துப் படமெடுக்கவும். வேறு வரி தெளிவாகத் தெரியுமாயின் குவியம் பிசகியுள்ளது. பின்புறத் திரையின் வழியே குவித்து மீண்டும் எடுக்கவும். அப்போது உணரியே குவியத்தைக் கணிப்பதால் இப்பிசகு நேராது. டி-7200 காமிராவில் சிறு பிசகைத் திருத்திக்கொள்ள வசதி உண்டு.

லென்ஸின் உருத்திரிபை அறிய நேர்கோடுகள் தேவை. 2017-இல் பணி தொடங்கப்பெற்ற ஈஜிபுரா மேம்பாலத்தின் தூண்கள் இதற்குப் பொருத்தமானவை. காமிராவைச் சாய்க்காது பிடித்து, தூண் ஒன்று சட்டத்தின் ஓரத்தில் அமையுமாறு எடுத்தால், அது பீப்பாயைப்போல் வெளிவளைகிறதா என்பது விளங்கும்.

துளை எண்ணை 16-ஆக வைத்து வானத்தை எடுத்தால் உணரியிலுள்ள தூசி கரும்புள்ளிகளாகத் தெரியும். லென்ஸை மூடி நீண்ட நேரம் பதிவு செய்தால் பழுதுற்ற பிக்ஸல்கள் ஒளிப்புள்ளிகளாகத் தோன்றும். லென்ஸினுள் விளக்கொளி பாய்ச்சி, சிலந்தி வலைபோன்ற பூஞ்சணம் உள்ளதா எனவும் காணவேண்டும். இக்காமிராவின் ஷட்டர் 1,50,000 முறை இயங்குமாறு சோதிக்கப்பட்டது. இதுவரை இயங்கிய எண்ணிக்கையைப் படக் கோப்புடன் பதிவாகும் குறிப்பிலிருந்து அறியலாம்.

முடிவு

டி-7200 காமிராவின் நோக்கி, பதிவாகும் காட்சியை ஏறத்தாழ முழுவதும் காட்டுகிறது. 51 குவியப் புள்ளிகளும், விநாடிக்கு 6 படங்கள் எடுக்கும் வேகமும், ஒருமுறை மின்னேற்றினால் சுமார் 1,100 படங்கள் எடுக்கும் ஆற்றலும் இதற்குண்டு. அகர ஏரியில் பறவைகளைப் படமெடுக்க விழைவோர்க்கு இவை பெரிதும் உதவும். 765 கிராம் எடையும், சாய்க்க இயலாத திரையும், திரைவழிக் குவியத்தின் மந்தமும் இதன் குறைகள். சலனப்படத்தை முதன்மையாகக் கருதுவோர் ஆடியற்ற காமிராவை நாடுதல் தகும்.

ஏனையோர், மேற்கூறிய சோதனைகளில் தேறிய பழைய காமிராவைத் தயக்கமின்றி வாங்கலாம். புதிய காமிராவை வாங்காததால் மிஞ்சும் பணத்தை நல்ல லென்ஸ் ஒன்றிற்குச் செலவிடுவதே சிறந்தது. மழைக்காலத்தில் காமிராவையும் லென்ஸையும் காற்றுப் புகாத பெட்டியில் ஸிலிகா ஜெல்லுடன் வைத்துக் காப்பது அவசியம்.