கீழாநெல்லி: பெயரும் பயன்பாடும்

தம்பின் வட்டாரத் தோட்டப்புறங்களில் வேலியோரம் தானே முளைக்கும் கீழாநெல்லியைக் களையெனப் பிடுங்குவோரும் உளர். மஞ்சட்காமாலைக்கு மருந்தெனப் பேணுவோரும் உளர். இலைகளின் கீழே நெல்லி போன்ற சிறுகாய்கள் வரிசையாய் அமைவதால் இப்பெயர் வழங்குகிறது. மலாய் மொழியில் இது ‘டுக்கோங் அனாக்’, அதாவது பிள்ளையைச் சுமத்தல். ஒரே காயமைப்பை இரு மொழிகளும் தத்தம் வழியிற் பெயராக்கியுள்ளமை வகுப்பறையில் எடுத்துக்காட்டத் தக்கதென நாம் கருதுகிறோம்.

பெயர் ஒன்றாயினும் செடி ஒன்றன்று. பசுந்தண்டும் வழவழப்பான காயும் உடையது ஒரு வகை; செந்தண்டும் சொரசொரப்பான காயும் உடையது மற்றொரு வகை. செம்பனை நிரைகளில் களைக்கொல்லி தெளிக்கப்படுவதால் வீட்டிலேயே வளர்ப்பது நன்று. விதைகளை ஈரமண்மேல் தூவினாற் போதும், ஆழப் புதைத்தலாகாது.

செடியை வேரோடு அரைத்து மோரிற் கலந்து அருந்துதல் மரபு. 1988இல் சென்னை ஆய்வாளர்கள், ஹெப்படைடிஸ் பி நுண்மி தாங்கியோருள் இதனை உட்கொண்ட 37 பேரில் 22 பேரிடம் அந்நுண்மியின் மேற்பரப்புப் புரதம் மறைந்ததென ‘லான்செட்’ இதழில் எழுதினர். பின்னர் வேறிடங்களில் நிகழ்ந்த ஆய்வுகள் அதனை உறுதிப்படுத்தவில்லை. முதற்செய்தி பரவிய அளவுக்கு இரண்டாவது பரவவில்லை என்பதே எமது கவலை. காமாலை எலிக்காய்ச்சலாலும் தோன்றும்; அதற்கு மருத்துவமனைச் சிகிச்சை உடனே தேவை. இரத்தப் பரிசோதனைக்கு முன் மோரை நம்பிக் காத்திருக்கும் நாள்கள் அங்கு உயிரையே வாங்கக்கூடும்.