கிழ வண்டியும் கிளச்சும்

கோடம்பாக்கம் மேம்பாலத்தில் பாதி தூரம் ஏறிய மோட்டார் வண்டி, யந்திரம் மட்டும் ஓவென்று அலற, தான் ஓர் அங்குலமும் நகரமாட்டேன் என்று நின்றுவிட்டால் உள்ளே இருப்பவர்களின் கதி என்னவாகும்? சென்ற மாதம் நமக்கு அந்த அநுபவம் கிட்டியது. வண்டி நம்முடையதன்று, அசோக் நகரில் வசிக்கும் சிநேகிதருடையது. 1938-ம் வருஷத்துச் செவர்லே. அவருடைய பாட்டனார் ஓட்டியது. பின்னால் நின்ற பஸ்களின் ஹாரன் கச்சேரிக்கு நடுவே, வண்டியைத் தள்ளிக் கொண்டு ஒருவாறு கீழே வந்து சேர்ந்தோம்.

அன்று மாலைக்குள் யோசனை சொல்ல வந்தவர்கள் அநேகர். "இந்த யந்திரத்தையும் கியர் பெட்டியையும் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, டீஸல் யந்திரம் ஒன்றை வைத்துவிடுங்கள்" என்பதே எல்லோருடைய தீர்ப்பும். அப்படி உள்ளுறுப்புக்களை இழந்த அமெரிக்க வண்டிகள் நம் தேசத்தில் ஏராளம். சிநேகிதரும் பெரும்பாலும் சம்மதித்துவிட்டார். அவருடைய தாயார்தாம், "உள்ளே இருப்பதையெல்லாம் எடுத்துவிட்டால், அது உன் தாத்தா வண்டியாடா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வி எங்களை அதே அசோக் நகரில் ஒரு சந்துக்குள் இருக்கும் பட்டறைக்கு அழைத்துச் சென்றது. மேஸ்திரிக்கு எழுபது வயதுக்கு மேலிருக்கும். வண்டியைச் சிறிது தூரம் ஓட்டிப் பார்த்தார். "யந்திரத்தில் ஒரு குற்றமும் இல்லை, வாத்தியார் ஸார். கிளச்சு வழுக்குகிறது. அவ்வளவுதான்" என்றார்.

கிளச்சு என்பது என்ன? ஓயாமல் சுழலும் யந்திரத்தோடு கியர் பெட்டியைச் சேர்ப்பதும் பிரிப்பதும் அதன் வேலை. மாட்டை நுகத்தில் பூட்டி அவிழ்ப்பது போல என்று வைத்துக் கொள்ளலாம். யந்திரத்தின் பின்புறத்தில் கனத்த சக்கரம் ஒன்று சுழலுகிறது. அதற்கும் ஓர் அழுத்தும் தகட்டுக்கும் இடையே, இருபுறமும் உராய்வுப் பொருள் பதித்த வட்டத் தட்டு ஒன்று இறுகப் பிடிக்கப்பட்டிருக்கிறது. மிதியை அழுத்தினால் பிடி தளர்கிறது; காலை எடுத்தால் பிடி இறுகுகிறது. பிடியைத் தருவது வில். 1938-ல் செவர்லேயில் பல சுருள்வில்களுக்குப் பதிலாகக் கிண்ணம் போல் வளைந்த ஒரே எஃகுத் தட்டை வைத்தார்கள். இன்றைய கார்களில் இருப்பதும் அந்த வகைதான்!

பிரித்துப் பார்ப்பது எளிதாயில்லை. இந்த வண்டியில் பின்சக்கரங்களுக்குச் செல்லும் தண்டு ஒரு குழாய்க்குள் மறைந்திருக்கிறது. அக்குழாயின் முன்முனையிலுள்ள உருண்டை மூட்டைக் கழற்றிய பின்பே கியர் பெட்டி அசைந்தது. தட்டை வெளியே எடுத்ததும் குட்டு வெளிப்பட்டது. கியர் பெட்டியிலிருந்து எண்ணெய் கசிந்து அதை நனைத்திருந்தது. "தட்டை மட்டும் மாற்றினால் ஆறு மாதத்தில் மறுபடியும் பாலத்தில் நிற்பீர்கள். முதலில் கசிவை நிறுத்த வேண்டும்" என்றார் மேஸ்திரி. தட்டுக்குப் புது உறை ரிவெட் அடிக்கப்பட்டது. அழுத்தும் தகடு கடைசல் யந்திரத்தில் சமப்படுத்தப்பட்டது. தேய்ந்த பேரிங்கை அளந்து, அதே அளவுள்ள ஒன்றைப் புதுப்பேட்டையில் தேடிப் பிடித்தார். தட்டை நடுமையத்தில் நிறுத்த, தாமே கடைந்து வைத்திருந்த மரத்தண்டு ஒன்றை உபயோகித்தார். ஐந்தாம் நாள் வேலை முடிந்தது.

இந்தக் கைத்திறன் எப்படி வந்தது? ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி 1928 முதல் பம்பாயில் செவர்லேக்களைப் பூட்டி விற்று வந்தது. பாகங்களை இங்கேயே உற்பத்தி செய்யத் திட்டமில்லாத கம்பெனிகள் வெளியேற வேண்டும் என்பது 1953-ல் சர்க்கார் கைக்கொண்ட கொள்கை. அடுத்த வருஷம் அந்தத் தொழிற்சாலை மூடப்பட்டது. வண்டிகள் இங்கே தங்கின, பாகங்களோ கிடைப்பதரிதாயின. அப்பொழுது அவற்றை ஓட வைத்தவர்கள் நம் மேஸ்திரிமார்கள். கடையில் இல்லாததைக் கடைந்து செய்தார்கள். வண்டி அந்நிய தேசத்ததானாலும், அதை வாழ வைத்த வித்தை சுதேசி வித்தையே.

ஐம்பது வருஷத்துக்கு மேற்பட்ட வண்டிகளைத் தனி வரிசையில் பதிவு செய்ய 2021-ல் மத்திய சர்க்கார் விதி வகுத்தது. உடற்கூடு, சட்டம், யந்திரம் ஆகியவை பெருத்த மாறுதலின்றி ஆதி உருவில் இருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. தாயார் கேட்ட கேள்வியைத்தான் சட்டமும் கேட்கிறது!

ஆறாம் நாள் காலையில் தாயாரைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு அதே பாலத்துக்குப் போனோம். மேஸ்திரி சிநேகிதரின் பக்கத்தில் அமர்ந்து, "மிதியில் காலை ஊன்றிக்கொண்டே ஓட்டாதீர்கள். வண்டி நின்ற பிறகே முதல் கியர் போடுங்கள்" என்று உபதேசித்தார். வண்டி முனகாமல் உச்சிக்கு ஏறியது. தாயார் ஒன்றும் பேசவில்லை. முன் ஆசனத்தின் முதுகை மெல்லத் தடவிக் கொடுத்தார்.

திரும்பும் வழியில், "இந்த வேலையை யாருக்காவது கற்றுக் கொடுத்திருக்கிறீர்களா?" என்று மேஸ்திரியைக் கேட்டோம். "கேட்டு வந்தவன் ஒரே ஒரு பையன்தான், ஸார்" என்றார். மறுநாள் வகுப்பில் இந்தக் கதையைச் சொன்னோம். பட்டறையைப் பார்க்க வேண்டுமென்று நான்கு பிள்ளைகள் கை தூக்கினார்கள். வருகிற சனிக்கிழமை அவர்களை அங்கே அழைத்துப் போகிறோம்.